பசியோடு கூட்டி வரச் சொன்னாள்

காலை எட்டே முக்கால் மணிக்குக் கார் வந்துவிட்டது. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்போதும் பையை மூடியபாடில்லை. ஐந்து மாதக் குழந்தை விமானம் ஏற என்னென்ன வேண்டும் என்று எனக்கும் என் அக்கா பேச்சியம்மாளுக்கும் இரண்டு நாளாக நடந்த வழக்கு வாசல் வரைக்கும் வந்தது. விமானக் கம்பெனி சொன்னதை நான் சொன்னேன்: கையில் ஒரு பை, ஏழு கிலோ. "பிள்ளையே ஏழு கிலோ இருக்காளே லே, அப்ப பைக்கு என்ன மிச்சம்?" என்றாள் அக்கா. பிள்ளையை எடையில் சேர்க்கமாட்டார்கள் என்றதை அவள் கடைசிவரை நம்பவில்லை.

பையில் என் கணக்கில் இருந்தவை இவை. டயாபர் எட்டு, ஈரத் துடைப்புத் தாள் ஒரு கட்டு, பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணி பத்து, பாப்பாவுக்கு மாற்றுச் சட்டை மூன்று, எனக்கு ஒன்று. எனக்கு எதற்கு என்று பிள்ளை பெற்றவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து போட்ட பால்மாவு, இரண்டு பால் பாட்டில், ஒரு வெந்நீர் பிளாஸ்க், காய்ச்சல் சொட்டு மருந்து, அதற்கு டாக்டர் சீட்டு, பிறப்புச் சான்றிதழ். அக்கா கணக்கில் சேர்ந்தவை: ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில்கள் இரண்டில் காய்ச்சி ஆற்றிய ஆற்றுத் தண்ணீர், ஒரு கிலுகிலுப்பை, மை டப்பா, துணியில் முடிந்த கறுத்த வேர்த்துண்டு ஒன்று.

நான் ஏன் தனியாகக் கிளம்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கோமதிக்கு முப்பத்தாறாவது வயதில் அரசு வேலை கிடைத்தது. அதே வருடம் பாப்பாவும் கிடைத்தாள். பாப்பா காத்திருப்பாள், வேலை காத்திருக்காது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்தோம். சென்னையில் பயிற்சி, பயிற்சி விடுதியில் கைக்குழந்தைக்கு இடமில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு அவள் மட்டும் ரயிலேறினாள், பாப்பா புட்டிப் பாலுக்கு மாறினாள். இப்போது கோமதி வேளச்சேரியில் ஓர் அறை பார்த்துவிட்டாள். பகலில் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்திருக்கிறாள். பாப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுநாள் நான் திரும்ப வேண்டும்.

வெறுமனே கொண்டுபோய் விடுவதென்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்த மூன்று வாரமும் கோமதி விடுதிக் குளியலறையில் பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தாள். நாளுக்கு நாள் குறைகிறது என்றாள். பிள்ளை திரும்ப வாய்வைத்தால் ஊறும், இல்லாவிட்டால் வற்றிவிடும் என்று அங்கே ஒரு டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். முந்தின நாள் போனில் அவள் வேறு எதையும் பேசவில்லை.

"பசியோட கூட்டிட்டு வாங்க. பாட்டில் குடிச்சிட்டு வந்துட்டான்னா எங்கிட்ட வரவே மாட்டா."

விமானத்தைப் பிடித்ததும் அதற்காகத்தான். ரயில் என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல். மூன்று நான்கு பாட்டில் உள்ளே போய்விடும். விமானம் ஒன்றரை மணி நேரம். காலை பத்தரைக்கு ஒரு பாட்டில், பதினொன்று ஐம்பதுக்குப் புறப்பாடு, ஒன்று இருபதுக்குச் சென்னை. சரியாகப் பசிக்கிற நேரத்தில் அம்மா மடி. மடியில் உட்காரும் பாப்பாவுக்கு இருக்கை கிடையாது, ஆனாலும் ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் கட்டினேன். காகிதத்தில் எல்லாம் பொருந்தித்தான் இருந்தது.

அக்கா பாப்பாவின் கன்னத்தில் மைப் பொட்டு வைத்து என் கையில் கொடுத்தாள். மூன்று வாரமாக இரவும் பகலும் பார்த்தவள். முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள்.

"ஏலே, பிள்ள அழுதா கடிகாரத்தப் பாத்துட்டு நிக்காத. பசிக்க விட்டுராத, கேட்டியா?"

கோமதிக்குத் தலையாட்டிய அதே தலையை இவளுக்கும் ஆட்டினேன்.

ஒன்பது மணி. பெருமாள்புரத்திலிருந்து வாகைக்குளம் விமான நிலையம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வாடகை ஆயிரத்து இருநூறு. ஓட்டுநர் சுடலைமுத்துவுக்கு முப்பது வயதிருக்கும். கே.டி.சி. நகர் தாண்டும்வரை பேசாமல் வந்தவர், அதற்கு மேல் தாங்கமாட்டாமல் கேட்டார்.

"அண்ணாச்சி, பிள்ளையோட அம்மா வரலையா?"

சென்னையில் இருக்கிறாள் என்றேன். "கோவிச்சிட்டுப் போயிட்டாவளோ?" என்று கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். வேலை என்றேன். அவர் மனசுக்கு நிம்மதியானது போலிருந்தது. அன்று அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர். சென்னை போய்ச் சேரும்வரை எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஒரு கட்டத்துக்கு மேல் நான் எண்ணவில்லை. ஒரு பெண் தனியாகக் குழந்தையோடு போனால் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். ஓர் ஆண் போனால் குழந்தை யாருடையது என்று யோசிக்கிறார்கள்.

வல்லநாட்டில் ஆற்றுப் பாலத்தில் ஒரு பக்கம் வேலை நடந்ததால் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. பத்து நிமிடம் நின்றோம். கீழே தாமிரபரணியில் தண்ணீர் நடுவில் மட்டும் ஓடியது. ஓரங்களில் அமலைச் செடி என்கிற ஆகாயத்தாமரை. பாப்பா கண்ணாடி வழியே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆற்றைப் பார்க்க நேரமில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் தாண்டி வல்லநாட்டு மலை. அந்தக் காட்டில் மான்கள் உண்டு, சில நாள் சாலையோரம் வந்து நிற்கும். அன்று மலை அடிவாரத்தில் மேய்ந்தவை ஆடுகள்தான்.

ஒன்பதே முக்கால். விமான நிலைய வாசலில் என் அடையாள அட்டையையும் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் பார்த்தார்கள். "மதர்?" என்றார் காவலர். சென்னை என்றேன். அவர் பாப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு என்னுடையதுதான், அது காப்பாற்றியது. கவுன்டரில் இருந்த பெண், பை கனமாக இருக்கிறதே, லக்கேஜில் போட்டுவிடட்டுமா, கை காலியாக இருக்கும் என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து அவளே விட்டுவிட்டாள். கைக்குழந்தையோடு பறக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இதுதான்: யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் பாலும் துணியும் இருக்கிற பையைக் கையை விட்டு அனுப்பாதீர்கள்.

பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பால்மாவைப் பார்த்தார்கள், சரி. பிளாஸ்கைத் திறந்து முகர்ந்தார்கள், சரி. மருந்து, சீட்டு, சரி. சோதித்தவர் வடக்கத்தி இளைஞர், தமிழ் கொஞ்சம் பேசினார். எவர்சில்வர் பாட்டில்கள் இரண்டையும் தூக்கிப் பார்த்தார்.

"பேபிக்கு இவ்ளோ தண்ணி எதுக்கு? உள்ளே தண்ணி இருக்கு."

"இது ஆத்துத் தண்ணி" என்றேன்.

அது ஒரு பதிலே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மெட்ராஸ் தண்ணீரில் ஒரேயடியாகப் பிள்ளைக்குப் பால் கலக்கக் கூடாது, ஒரு வாரத்துக்குப் பாதிப் பாதியாகக் கலந்து பழக்க வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு தலைக்கனம் உண்டு, எனக்கும் உண்டு. ஒன்று போதும், இன்னொன்றைக் கொட்டிவிடுங்கள் என்று அவர் தொட்டியைக் காட்டினார். கொட்ட மனசு வரவில்லை. ஒரு கையில் பாப்பாவை வைத்துக்கொண்டு மறு கையால் பாட்டிலைத் தூக்கி, முக்கால்வாசிக்கு மேல் நானே குடித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்குள் அந்த இளைஞர் துணி முடிச்சை அவிழ்த்துவிட்டார். விரல் நீளத்தில் கரிந்த வேர்.

"இது என்ன?"

எனக்குத் தெரியாமல் இல்லை. விளக்கில் சுட்டு, உரைத்து, வயிற்றைப் பிசையும்போது தொப்புளைச் சுற்றித் தடவுவது. உள்ளே கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்ததால் அக்கா தடவுவதோடு நிறுத்தியிருந்தாள். ஆனால் பிள்ளை இருக்கிற இடத்தில் அதன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அதன் குணம் போய்விடும், பிள்ளைக்கும் ஆகாது. மூன்று வாரத்தில் நான் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்புப் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் பாப்பா என் தோளில் கண் விழித்துக் கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு வரவில்லை.

"பேர் சொல்லாதது" என்றேன்.

"பேர் சொல்லாதா? ஏன் சொல்லாது?"

"இல்ல சார், அதோட பேரே அதுதான். பேர் சொல்லாதது."

அவர் முகம் மாறிவிட்டது. விமான நிலையத்தில் கறுப்பாக ஒரு பொருளை வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லமாட்டேன் என்கிற ஆளை அவருக்குப் பயிற்சியில் எப்படி நடத்தச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. தள்ளி நிற்கச் சொன்னார். மேலதிகாரியைக் கூப்பிட்டார். பெண்கள் வரிசையில் இருந்த ஒரு பெண் காவலர், எங்கள் பக்கத்துக்காரர்தான், வந்து வேரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். சிரித்துவிட்டார்.

"இது பிள்ள வளர்ப்பான்லா!" என்றவர் இந்தியில் இரண்டு வார்த்தை சொல்லி அவர்களுக்குப் புரியவைத்தார். அவரும் பாப்பாவுக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். பாப்பாவுக்கு இன்னும் படிக்கத் தெரியாது என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்: வசம்பு.

பத்தரை. திட்டப்படி பாட்டில் கொடுத்தேன், குடித்தாள், ஏப்பம் விட்டாள். பதினொன்றுக்கு அறிவிப்பு வந்தது: விமானம் ஒரு மணி நேரம் தாமதம். என் காகிதக் கணக்கு அங்கேயே கிழிந்துபோனது. கோமதிக்குப் போன் செய்தேன். ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் காலையிலேயே சென்னை விமான நிலையத்துக்கு வந்துவிட்டாளாம்.

"லேட்டா? அப்ப இடையில கேப்பாளே" என்றாள்.

"கேட்டா என்ன செய்ய?"

"கொஞ்சமாக் குடுங்க. ரொம்பக் குடுத்துராதீங்க" என்றாள். தன் பிள்ளைக்கு ரொம்பக் கொடுக்காதே என்று சொல்ல ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும்.

இதற்கிடையில் குடித்த ஆற்றுத் தண்ணீர் வேலையைக் காட்டியது. பிள்ளையை வைத்துக்கொண்டு கழிவறைக்கு எப்படிப் போவது? ஆண்கள் கழிவறையில் டயாபர் மாற்றப் பலகை கிடையாது என்பதை அதற்கு முன்பே கண்டுபிடித்து, கை கழுவும் மேடையில் துண்டை விரித்து, ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் அவள் கால்களையும் பிடித்து, பல்லால் ஒட்டுப்பட்டையைப் பிரித்துவிட்டு வந்திருந்தேன். இப்போது அதுவும் உதவாது. சோதனை வரிசையில் எனக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, மடியில் தோல்பை. டவுனில் பாத்திரக் கடை; மகன் வீட்டுக்குப் போகிறாராம்.

"போய்ட்டு வாரும் வே. அவ்வளவு தண்ணியக் குடிச்சா நிக்குமா? பிள்ளைய எங்கிட்டக் குடும்."

தயங்கினேன். பிறகு கொடுத்தேன். கழிவறையில் இருந்த ஒன்றரை நிமிடமும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது பாப்பா அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர், "அம்மா எங்க?" என்று அவளிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பன்னிரண்டேகாலுக்குப் பாப்பா கையைச் சப்ப ஆரம்பித்தாள். நாற்பது மில்லி கலந்து கொடுத்தேன். முடிந்ததும் காலிப் பாட்டிலைப் பார்த்து, என்னைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். தூக்கிக்கொண்டு அந்தச் சிறிய கூடத்தில் நடந்தேன். தேநீர்க் கடை, பனங்கற்கண்டும் மக்ரூனும் விற்கும் கடை, ஜன்னல், மறுபடியும் தேநீர்க் கடை. ஒரு தேநீர் தொண்ணூறு ரூபாய் என்று எழுதியிருந்ததைப் பன்னிரண்டு முறையாவது படித்திருப்பேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஏற்றினார்கள். இரண்டு பக்கம் விசிறி சுற்றும் சின்ன விமானம். வெயிலில் தார்த் தரையில் நடந்து, பின்பக்கத்துக் குறுகிய படியில் ஏற வேண்டும். ஒரு தோளில் பாப்பா, மறு தோளில் பை. மேலே வைக்கும் தட்டு மிகச் சின்னது. பையை முன் இருக்கைக்கு அடியில் தள்ளினேன். கால் நீட்ட இடமில்லாமல் போனாலும் பால் கைக்கெட்டும். பணிப்பெண் ஒரு சின்ன பெல்ட்டைக் கொண்டுவந்து என் பெல்ட்டில் கோத்து பாப்பாவின் இடுப்பில் மாட்டினாள். பாத்திரக்கடை அண்ணாச்சி தன் இருக்கையை யாரிடமோ மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானும் இங்கனயே இருக்கேன், உமக்குக் கை பத்தாது" என்றார்.

ஏறும்போது இரைச்சலில் பாப்பா தூங்கிவிட்டாள். மேலே போனதும் ஜன்னல் வழியாக ஆறும் வயல்களும் பச்சைப் பட்டையாகத் தெரிந்தன, அப்புறம் செம்மண், அப்புறம் மேகம். அண்ணாச்சி எனக்குக் காட்டினார். நான் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முழங்கையில் அவள் தலை இருந்தது, கை மரத்துப்போயிருந்தது, அசைத்தால் விழித்துவிடுவாள் என்று மூச்சைக்கூட அளந்து விட்டேன். மூன்று வாரமாக நான் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. அந்த இருக்கையில் எனக்குக் கண் சொருகியது. தூங்கினால் கை தளர்ந்துவிடுமோ என்ற பயம் வந்து விழித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மணிக்கு விமானம் இறங்கத் தொடங்கியது. பாப்பா விழித்தாள். அழுதாள். பசி அழுகை எனக்குத் தெரியும். விட்டு விட்டு வரும், நடுவில் நம்மைப் பார்ப்பாள். இது வேறு. மூச்சு வாங்காமல், முகம் சிவந்து, காதைப் பிய்த்துக்கொண்டு அழுதாள். சென்னையில் இறங்க இடம் கிடைக்காததால் சிறிது நேரம் சுற்ற வேண்டியிருக்கும் என்று விமானி அறிவித்தார். விமானம் சாய்ந்து திரும்பியது. அழுகை இன்னும் ஏறியது.

முன்னாலிருந்து ஒருவர் திரும்பி, பால் கொடுங்க சார் என்றார். பின்னாலிருந்து ஓர் அம்மா, பாட்டில் இல்லையா என்றார். பணிப்பெண்ணும் இறங்கும்போது எதையாவது குடித்தால் காது அடைக்காது என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் குனிந்து பையை இழுத்து, மாவைக் கொட்டி, வெந்நீர் விட்டு, ஆற்றுத் தண்ணீர் சேர்த்துக் குலுக்கினேன். நூற்றிருபது மில்லி. இதைக் கொடுத்தால் குடித்துவிட்டு அப்படியே தூங்கிவிடுவாள். அங்கே கீழே ஒருத்தி காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். பாட்டில் கையில் இருக்க நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன வே யோசிக்கீரு? குடும்" என்றார் அண்ணாச்சி.

அவர் காதுக்கருகே குனிந்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார். பாட்டிலைப் பார்த்தார். பிறகு எழுந்து நிற்க முடியாமல் பெல்ட்டோடு திரும்பி, கடையில் சரக்குக்காரனைக் கூப்பிடுகிற குரலில் விமானம் முழுவதற்கும் சொல்லிவிட்டார்.

"பிள்ளையோட அம்மா மூணு வாரமாப் பிள்ளையப் பாக்காம, பாலோட கீழ நிக்காவ! இப்ப பாட்டில் குடுத்தா அவுககிட்ட குடிக்காது. எல்லாரும் செத்த பொறுங்க!"

எனக்கு விமானத்தின் தரை திறந்து கீழே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. எழுபது பேருக்குக் கோமதியின் சமாசாரம் தெரிந்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு பால் கொடு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பின் இருக்கை அம்மா மட்டும் இருக்கை இடுக்கு வழியாகக் கையை நீட்டி என் தோளைத் தட்டினார்.

"கையத் தொடச்சிட்டு சுண்டுவிரல மடக்கி மொளியக் குடுங்க தம்பி. சப்பட்டும். காதுதான் வலிக்கி அவளுக்கு."

கையைத் துடைத்து, மடக்கிய சுண்டுவிரலின் கணுவைக் கொடுத்தேன். துப்பினாள். மறுபடி கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். பல்லில்லாத ஈறு அத்தனை பலமாகக் கடிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. விக்கி விக்கிச் சப்பினாள். பால் வராத விரலை ஏமாந்து ஏமாந்து சப்பினாள். நான் செய்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு கிலோ உடம்பைப் பெரியவர்கள் இரண்டு பேரின் ஆசைக்காகப் பட்டினி போடுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது அழுது களைத்து அவள் தூங்கிப்போயிருந்தாள். மணி இரண்டு நாற்பது.

வெளியே வரும் வழியில் அண்ணாச்சி என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலுக்கு நாலடி முன்பே அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "நான் இந்தப் பக்கமாப் போறேன் வே. நீரு மெள்ள வாரும்" என்று ஒதுங்கிவிட்டார். கத்தியவர் அவர்தானா என்று தோன்றியது.

கம்பித் தடுப்புக்கு அப்பால் கோமதி நின்றாள். வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது கட்டும் பழைய ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று வாரத்தில் மெலிந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்து கையை நீட்டினாள். தூங்கும் பாப்பாவைக் கொடுத்தேன். கை மாறியதும் பாப்பா கண் விழித்தாள். கோமதியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஓவென்று அழுது, முதுகை வளைத்து, என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள்.

"என்னைத் தெரியல இவளுக்கு" என்றாள் கோமதி. அழவில்லை. அதிகாரியிடம் தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.

கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் ஆள் நடமாட்டம் குறைந்த ஓரமாக ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டு முயன்றாள். பாப்பா தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினாள். என் குரல் கேட்டால் இன்னும் அழுதாள். நான் பேசாமல் நின்றாலும் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். கோமதி நிமிர்ந்தாள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"பாட்டில் இருக்கா?"

இருந்தது. விமானத்தில் கலந்தது, கையிலேயே வைத்திருந்தேன்.

"குடுத்துருங்க. பசியில துடிக்கா. எனக்காக அவ ஏன் கெடந்து அழணும்? போதும், குடுத்துருங்க."

கையை நீட்டினாள். நான் பாட்டிலைக் கொடுத்திருக்கலாம். மூன்று வாரமாக அந்த அழுகைக்கு ஓடி ஓடிப் பாட்டில் கொடுத்தவன் நான். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என் உடம்புக்குப் பழக்கமில்லை. ஆனால் பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே நிற்கிறவரை அவளுக்கு வேறு யாரும் வேண்டாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கொஞ்ச நேரம் நான் அங்கன போய் நிக்கேன்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலோடு நடந்தேன்.

"ஏங்க!" என்று கோமதி கூப்பிட்டாள். திரும்பவில்லை.

நாற்பது அடி தள்ளி ஒரு பெரிய தூண். அதன் பின்னால் போய் நின்றேன். அழுகை அங்கேயும் கேட்டது. வண்டிகளின் சத்தம், ஆட்டோக்காரர்கள் கூப்பிடும் சத்தம், அறிவிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுடையது மட்டும் தனியாகக் கேட்டது. ஒருவர் டாக்ஸி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அழுகை உயர்ந்தது, கமறியது, மறுபடி உயர்ந்தது. இரண்டு முறை தூணை விட்டு வெளியே காலை வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பிறகு நின்றது.

சட்டென்று நின்றதால் எனக்குப் பயமாகிவிட்டது. எட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கோமதி. ஒரு கையால் தட்டியிருக்க வேண்டும், எழுத்து முன்பின்னாக இருந்தது.

"குடிக்கா. இங்கன வந்துராதீங்க."

பாட்டிலை மூடிப் பையில் வைத்தேன். சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது, தூண் பெரியதாக இருந்தது நல்லதாயிற்று. மறுநாள் பகல் ரயிலில் பெருமாள்புரத்துக்குத் திரும்ப வேண்டும், அங்கே அக்காவும் நானும் எதற்காக இரவில் எழுந்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக என் இரண்டு கையும் சும்மா இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.